அக்னித் தலத்தில் அரக்குத் தட்டு

திருவண்ணாமலை அக்னித் தலம். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இசைத்தட்டு சேர்க்கிறேன் என்று சொன்னால் சிரிக்காதவர் இல்லை. "சித்திரை வந்தா எல்லாம் அப்பளம் ஆயிடும் சார்" என்பார்கள். ஆகவில்லை. செங்கம் சாலைப் பக்கம் என் வீட்டு அலமாரியில் இருக்கும் 300 சொச்சம் தட்டுகளும் பல கோடையைப் பார்த்துவிட்டன. அவற்றை வெயில் கெடுத்ததைவிட நம்பிக்கைகள் கெடுத்தது அதிகம். அதில் என் கைங்கரியமும் உண்டு.

வெயில் கதையை முதலில் முடித்துவிடலாம். எல்.பி. தட்டு என்பது பி.வி.சி. பிளாஸ்டிக். நிழலில் அடிக்கும் 40 டிகிரி அதை ஒன்றும் செய்யாது. ஜன்னல் வழியாக நேரே விழும் வெயில் வளைக்கும். கிரிவலத்தன்று கண்ணாடி ஏற்றிவிட்டு நிறுத்திய காருக்குள் வைத்தாலும் வளையும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து அடுக்கினால் அந்தப் பாரமே போதும். புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். ஏசியெல்லாம் வேண்டாம்.

நம்பிக்கை: ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் தட்டு புதுசு மாதிரி ஆகிவிடும்.

இதை நம்பித்தான் கெட்டேன். தொழிலை விட்டுவிட்ட மைக் செட்காரர் ஒருவரிடம் ஒரு தகரப் பெட்டி நிறையத் தட்டு வாங்கினேன். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுதல் என்று கூம்பு ஸ்பீக்கரில் ஊரையே எழுப்பிய தட்டுகள். முதல் தட்டை எடுத்தேன். பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தொட்டுச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். பஞ்சு கறுத்தது. அழுக்கு போகிறதே என்ற சந்தோஷத்தில் இன்னும் அழுத்தினேன். பளபளப்பு மங்கியது, மேற்பரப்பு பிசுபிசுத்தது, கடைசியில் என் கட்டைவிரல் ரேகை தட்டில் பதிந்தது. பஞ்சில் வந்தது அழுக்கில்லை, பாட்டு. மாடியில் ஜன்னல் இழைக்க வந்திருந்த ஆசாரி படியிறங்கும்போது மோந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், பாலிஷ் கலக்கறீங்களா?" என்றார்.

சரியாகத்தான் கேட்டார். நான் தேய்த்தது, நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் 78 சுற்றுத் தட்டு. அது பெரும்பாலும் பிளாஸ்டிக் இல்லை. அரக்கையும் கல்தூளையும் கரியையும் கலந்து சூட்டில் அழுத்தியது. மரச்சாமானுக்குப் பூசும் பிரெஞ்ச் பாலிஷ் என்பது அதே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்ததுதான். நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒரு பாட்டைப் பாலிஷ் ஆக்கியிருக்கிறேன்! அரக்குத் தட்டுக்கு மெல்லிய துணி, ஒரு துளி சோப்பு விட்ட தண்ணீர், உடனே ஈரத்தை ஒற்றி எடுப்பது, லேபிளை நனைக்காமல் இருப்பது. இவ்வளவுதான் வைத்தியம். எது அரக்கு என்று எப்படித் தெரியும்? கையில் எடுத்தால் கனக்கும், வளையாது, விரல் முட்டியால் தட்டினால் கூரை ஓட்டைத் தட்டுவது போலக் கேட்கும், கீழே விழுந்தால் இரண்டாகும்.

கல்தூள் சும்மா சேர்த்ததல்ல. அது எஃகு ஊசியின் முனையை அரைத்துப் பள்ளத்துக்குப் பொருத்தமாக்கும். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்று மாற்றச் சொன்னார்கள். ஒரே ஊசியில் பத்துப் பக்கம் ஓட்டிய சிக்கனக்காரர்களின் தட்டுகள் இன்று இரைச்சல் மட்டுமே பாடுகின்றன.

நம்பிக்கை: லேபிளில் நாய் படம் போட்டிருந்தால் நூறு வருஷத் தட்டு, லட்சம் பெறும்.

அந்த நாயின் பெயர் நிப்பர். அது 1895-இல் செத்த பிறகுதான் பிரான்சிஸ் பாரோ என்ற ஓவியர் அதை வரைந்தார். படத்தில் நாய்க்கு முன்னால் முதலில் இருந்தது வேறு கருவி. 1899-இல் கிராமபோன் கம்பெனி வாங்கும்போது அதை அழித்துத் தன் கிராமபோனை வரையச் சொன்னது. நாய் உட்கார்ந்திருப்பது எஜமானின் சவப்பெட்டி மேல் என்பது பின்னால் கட்டிய கதை. அந்த நாய் இந்தியாவில் 1980-களின் எல்.பி.களிலும் உட்கார்ந்திருந்தது. ஆக, நாயை வைத்து வயது சொல்ல முடியாது. விலையும் அப்படித்தான். 1963-இல் வந்த எம்.எஸ். சுப்ரபாதம் எல்.பி. ஊர் ஊராகப் போனது. எல்லார் வீட்டிலும் இருக்கும் பொருளுக்கு யார் லட்சம் தருவார்? ஆனால் பீட்டில்ஸ் பாட்டுகள் 60-களில் இந்தியாவில் 78 தட்டாகவும் வந்தன. மின்சாரம் இல்லாத வீட்டிலும் சாவி கொடுக்கும் பெட்டியில் அது ஓடும். மேலை நாட்டில் 78 தட்டு போடும் வழக்கம் அதற்குள் ஒழிந்துவிட்டதால், அங்கிருக்கும் சேகரிப்பாளர்கள் அதற்காக அலைகிறார்கள்.

நம்பிக்கை: தட்டில் கேட்பதுதான் பாடகரின் அசல் சுருதி.

நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல், 27 வயதில் போய்விட்டார். அவர் குரல் நமக்குக் கிடைப்பது தட்டில் மட்டும்தான். அவர் எத்தனை கட்டையில் பாடினார் என்று இன்றும் சண்டை நடக்கிறது. அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாமே துல்லியமாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். 73½ சுற்றில் பதிந்ததை 78-இல் ஓட்டினால் முடிந்தது கதை. கூட வாசிக்கும் ஆர்மோனியத்தைக் கவனியுங்கள். அதன் ஸ்வரம் இன்றைய ஆர்மோனியத்தின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழுந்தால், அநேகமாக வேகம்தான் தப்பு.

பழைய தட்டில் பாட்டு முடிந்ததும் பாடகர் தன் பெயரைச் சொல்வதைத் தற்பெருமை என்று நினைத்தவன் நான். 1902-இல் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜானும் அப்படிச் சொன்னார். பதிவு ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய்த்தான் தட்டாகும். மொழி தெரியாத அங்கிருப்பவர்கள் சரியான லேபிளை ஒட்டுவதற்கு அந்தப் பெயர்தான் அடையாளம்.

தட்டின் ஒலி சி.டி.யைவிட உசத்தி என்பதும் நம்பிக்கைதான். எல்.பி.யின் வெளிவட்டத்தில் ஊசி நொடிக்கு 50 செ.மீ. ஓடுகிறது, உள்வட்டத்தில் 20 செ.மீ. சொச்சம். கடைசிப் பாட்டு கொஞ்சம் கரகரப்பது அதனால்தான். எனக்கு அந்தக் கரகரப்பு பிடிக்கும். பிடிப்பது வேறு, உசத்தி வேறு.

உங்கள் வீட்டுப் பரணில் தட்டுகள் இருந்தால் எடைக்குப் போடும் முன் லேபிளைப் படியுங்கள். சினிமாப் பாட்டு மறுபடியும் கிடைக்கும். ஒரு காலட்சேபமோ, பெயர் மறந்துபோன நாதஸ்வரக்காரரின் மூன்று நிமிட ஆலாபனையோ கிடைக்காமலே போகலாம். ஸ்பிரிட் பாட்டிலை மட்டும் தொடாதீர்கள்.