கர்ப்ப காலத்தில் ஆன்டிபயாட்டிக்: எது, எப்போது?

குடவாசல் பக்கம் மாசமாக இருக்கும் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் இரண்டு பேச்சு எழும். "மாத்திரையே போடாதே, பிள்ளைக்கு ஆகாது" என்பது ஒன்று. "மெடிக்கல்ல சொல்லி ரெண்டு மாத்திரை வாங்கிட்டு வா" என்பது இன்னொன்று. இரண்டாலும் தாய்க்கும் பிள்ளைக்கும் கேடு வரலாம். என்ன நோய், எத்தனையாவது மாதம் என்று பார்த்துத்தான் மருந்தை முடிவு செய்ய வேண்டும்.

பொறுக்கலாமா, மருந்து வேண்டுமா?

சளி, ஃப்ளூ, டெங்கு எல்லாம் வைரஸால் வருபவை. ஆன்டிபயாட்டிக்கால் பயனில்லை. சிறுநீர்த் தொற்று அப்படியல்ல. பார்லித் தண்ணீரும் இளநீரும் எரிச்சலைத் தணிக்கலாம், கிருமியை அழிக்காது. விட்டுவிட்டால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறும், குறைமாதப் பிரசவமும் நேரலாம். எரிச்சலே இல்லாமல் பரிசோதனையில் கிருமி தெரிந்தாலும் கர்ப்பிணிக்குச் சிகிச்சை உண்டு. முதல் மாத்திரைக்கு முன்பே கல்ச்சர் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுத்துவிடுங்கள்.

எந்த மருந்து, எந்த மாதம்?

- அமாக்ஸிசிலின், செஃபலெக்சின்: எல்லா மாதங்களிலும் நெடுங்காலமாகக் கொடுக்கப்படுபவை. பென்சிலின் அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.
- நைட்ரோஃபுரன்டாயின்: சிறுநீர்த் தொற்றுக்கு நடு மாதங்களில் உதவும். பிரசவம் நெருங்கும்போது தவிர்ப்பார்கள். பிறக்கும் குழந்தையின் சிவப்பணுக்கள் சிதையக்கூடும்.
- கோட்ரைமாக்ஸசோல்: ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பதால் முதல் 3 மாதம் வேண்டாம். கடைசி வாரங்களிலும் வேண்டாம். பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையை மோசமாக்கலாம்.
- டாக்ஸிசைக்ளின்: குழந்தையின் பல்லில் கறை படியவைக்கும், எலும்பு வளர்ச்சியையும் பாதிக்கலாம். பொதுவாகக் கர்ப்பிணிக்குக் கொடுப்பதில்லை.

நம் டெல்டாவில் இந்தக் கடைசி மருந்தை மறக்கக் கூடாது. நடவுக்கும் களையெடுக்கவும் சேற்றில் இறங்குகிறவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலுக்கும், உண்ணிக்காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைஃபஸுக்கும் பலருக்கு எழுதித்தரப்படுவது டாக்ஸிசைக்ளின்தான். கர்ப்பிணி என்றால் உண்ணிக்காய்ச்சலுக்கு அசித்ரோமைசின், எலிக்காய்ச்சலுக்குப் பென்சிலின் வகை என்று மாற்று மருந்து உண்டு. ஆகவே வயலில் இறங்கியதையும், எத்தனை மாதம் என்பதையும் டாக்டரிடம் சேர்த்தே சொல்லுங்கள். அக்குள், மார்பின் அடிப்பகுதி, பாவாடை நாடா இறுகும் இடுப்பு ஆகிய இடங்களில் தீக்காயம் போல் கருத்த பொருக்கு இருந்தால் கூச்சப்படாமல் காட்டுங்கள். அது உண்ணிக்காய்ச்சலின் அடையாளம்.

பிள்ளை பெற்ற பிறகு

சிசேரியனுக்குக் கத்தி வைக்கும் முன்பே ஒரு டோஸ் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது அவசியம். சிக்கலில்லாத சுகப்பிரசவத்துக்கு வழக்கமாகக் கொடுக்க உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. ஆனால் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாற்றமடிக்கும் உதிரப்போக்கு, தையலில் சீழ் இவற்றில் எது வந்தாலும் கடை மாத்திரையோடு வீட்டில் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், 108-ஐ அழையுங்கள்.

பால் கட்டினால் பிள்ளைக்கு அடிக்கடி கொடுப்பதே முதல் மருந்து. மார்பு சிவந்து, வலித்து, காய்ச்சலும் தணியாவிட்டால் க்ளாக்ஸாசிலின், செஃபலெக்சின் போன்றவை தேவைப்படலாம். அப்போதும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. பிள்ளைக்குச் சற்று இளக்கமாக மலம் போகலாம், வாயில் வெண்படலம் வரலாம். வந்தால் செவிலியரிடம் காட்டுங்கள். குழந்தை குறைமாதம் என்றாலோ மஞ்சள் காமாலை இருந்தாலோ, உங்களுக்கு மருந்து எழுதும்போதே சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது

அட்டையின் ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து. போன தடவை மிஞ்சிய மாத்திரையும், நாத்தனாருக்குக் கேட்ட மாத்திரையும் உங்களுக்கானவை அல்ல. எங்கே போனாலும் தாய்-சேய் நல அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். சந்தேகம் இருந்தால் 104-இல் கேளுங்கள். சரியான மருந்தைப் பயந்து நிறுத்துவதும் ஆபத்து, தவறான மருந்தைத் துணிந்து போடுவதும் ஆபத்து. இரண்டையும் தவிர்க்க, கேட்டுப் போடுங்கள்.