பிஞ்சுச் செவிக்கு எதுகையும் மோனையும்

முன்னுரை

குழந்தை எழுதப் படிக்கத் தொடங்குவது பள்ளியில். ஆனால் சொல்லின் ஓசையைக் கேட்டு மகிழத் தொடங்குவதோ தாயின் மடியில். பாட்டி கையைத் தட்டிப் பாடும்போது, பொருள் அறியாத குழந்தையும் சிரிக்கிறதல்லவா? ஒரே ஓசை மீண்டும் மீண்டும் வருவதால் உண்டாகும் இன்பமே அதற்குக் காரணம். அந்த இன்பத்தையே படிப்பின் முதற்படியாக ஆக்கிக்கொள்ளலாம் என்பதே எங்கள் கருத்து. பொட்டிபுரம் முதலிய போடி மலையடிவாரத்துச் சிற்றூர்களில் வாழும் மழலையரை மனத்திற்கொண்டு இக்கட்டுரையை வரைகின்றோம்.

எதுகை, மோனை, இயைபு

தொல்காப்பியச் செய்யுளியலிலேயே இவை கூறப்பட்டுள்ளன. நாமோ இவற்றைத் தேர்வுக்குரிய இலக்கணம் என்று மட்டும் எண்ணுகிறோம்.

முதல் எழுத்து ஒன்றி வருவது மோனை: மலை, மரம், மயில். முதல் எழுத்து அளவில் ஒத்திருக்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை: பட்டம், வட்டம், கட்டம். அடியின் இறுதி ஒன்றி வருவது இயைபு. நம் ஊர்ப் பெயர்களிலேயே இவற்றைக் காணலாம். பொட்டிபுரம், ராசிங்காபுரம், சங்கராபுரம் என்று சொல்லிப் பார்த்தால் இறுதி ஒன்றாக ஒலிக்கிறது. ‘பொட்டி’யை மட்டும் எடுத்துக்கொண்டால் பெட்டி, தொட்டி, குட்டி, பட்டி என்று எதுகை வரிசையாக வந்து நிற்கிறது.

ஆங்கிலக் குழந்தைப் பாடல்களில் ஓசை ஒப்புமை பெரும்பாலும் அடியின் கடைசியில் வரும். தமிழிலோ அது சொல்லின் தலைப்பக்கத்திலேயே அமைந்திருக்கிறது. ஆகையால் தமிழ்க் குழந்தைக்குச் சொல்லின் வாலை மட்டும் காட்டினால் போதாது. தலையையும் காட்ட வேண்டும்.

இதனால் வரும் பயன்

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த பிராட்லி, பிரையன்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் 1983-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஓசை வேறுபாட்டை உணர்வதில் பின்தங்கிய 65 குழந்தைகளைப் பிரித்து, இரண்டு ஆண்டுகளில் 40 முறை பயிற்சி அளித்தனர். சொற்களை ஓசையால் பிரித்து அறியவும், அந்த ஓசைகளை எழுத்துகளோடு பொருத்தவும் பழகிய குழந்தைகளே படிப்பதில் மிகவும் முன்னேறினர். சொற்களைப் பொருளால் மட்டும் பிரிக்கப் பழகியவர்கள் அந்த அளவுக்கு முன்னேறவில்லை.

இது ஆங்கிலம் பயிலும் குழந்தைகளுக்குரிய ஆய்வு. ஆயினும் தமிழுக்கும் இக்கருத்து பொருந்தும் என்று எண்ணுகிறோம். ‘பட்டம்’, ‘வட்டம்’ இரண்டிலும் எது மாறியது, எது மாறவில்லை என்று கேட்கும் குழந்தை, ஒரு சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பார்க்கிறது. அதுவே வாசிப்பின் தொடக்கம்.

நான்கு விளையாட்டுகள்

இவற்றை எங்கள் வகுப்பு மாணவியர் சிலர் விடுமுறையில் தம் தம்பி தங்கையருடன் ஆடிப் பார்த்தோம். நாள்தோறும் பத்து நிமிடம் போதும்.

1. கைதட்டு: ‘பட்டம்’ என்று சொல்லிவிட்டு, அதைப் போல ஒலிக்கும் சொல் வந்தால் கைதட்டச் சொல்ல வேண்டும். வட்டம், கட்டம் என்றால் தட்டுவர். ‘மாடு’ என்றால் தட்டக் கூடாது. நன்கு பழகிய பின் ‘பந்து’ என்று சொல்லிப் பார்க்கலாம். முதல் எழுத்து ஒன்றாக இருப்பதால் சிலர் தட்டிவிடுவர், மற்றவர் சிரிப்பர். கூர்ந்து கேட்கும் பழக்கம் இவ்வாறுதான் வரும்.

2. ஒட்டாத சொல்: கல், பல், வில், மண் – இவற்றில் சேராதது எது? முதலில் மூன்று சொற்கள் போதும், பிறகு நான்கு.

3. சொற்சங்கிலி: ஒருவர் ஒரு சொல் சொல்ல, அடுத்தவர் அதற்கு எதுகையாக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு ‘ஏலம்’ நல்ல தொடக்கம். ஏலம், காலம், கோலம், பாலம், நீலம் என்று சங்கிலி நீளும். போடியில் ஏலக்காயையே ஏலம் விடுகிறார்கள் அல்லவா? ஒரே ஓசைக்கு இரண்டு பொருள் உண்டு என்பதையும் குழந்தை அப்போதே அறிந்துகொள்ளும். இல்லாத சொல் ஒன்றைச் சொன்னாலும் தடுக்கக் கூடாது. ஓசை சரியாக இருந்தால் பாராட்ட வேண்டும். “அப்படி ஒரு பொருள் உண்டா?” என்று பிறகு கேட்கலாம்.

4. பாட்டு முடித்தல்: கடைசிச் சொல்லை விட்டுவிட்டுப் பாட, குழந்தை அதை நிரப்ப வேண்டும். இதற்காக நாங்களே இரண்டு அடிகள் புனைந்தோம்:

ஏலக் காட்டில் மழை,
எங்கும் பச்சைத் ……

‘தழை’ என்று பதில் வந்ததும் குழந்தைக்கு உண்டாகும் மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும்! சில நாளில் குழந்தைகள் தாமாகவே அடி கட்டத் தொடங்குவர்.

இலக்கணப்படி இரண்டாம் எழுத்து ஒன்றினாலே எதுகைதான். ஆனால் மழலையருக்கு அதன்பின் வரும் எழுத்துகளும் ஒத்திருந்தால் எளிதாக இருக்கும்.

ல, ள, ழ வேறுபாடு

எதுகைப் பயிற்சியால் மற்றொரு நன்மையும் உண்டு. பேச்சு வழக்கில் பலர் ‘மழை’யை ‘மளை’ என்கிறோம். பின்னர் எழுதும்போது எந்த எழுத்து என்று தடுமாறுகிறோம். சிறு வயதிலேயே மூன்று கூடைகளாகச் சொற்களைப் பிரித்துப் பழக்கலாம். மலை, இலை, தலை, விலை ஒரு கூடை. களை, வளை, முளை, துளை இரண்டாம் கூடை. மழை, தழை, பிழை, இழை மூன்றாம் கூடை. குழந்தை ‘மழை’யைத் ‘தலை’யோடு சேர்த்தால் “தப்பு” என்று அதட்டாமல், இரண்டையும் மெதுவாகச் சொல்லிக்காட்டி, நாக்கு எங்கே வளைகிறது என்று பார்க்கச் சொல்லலாம். எழுத்துப் பிழையைச் சிவப்பு மையால் திருத்துவதைவிட, அது தோன்றுமுன் செவியிலேயே திருத்துவது சிறந்தது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்

எங்கள் பகுதித் தாய்மார் பலர் விடியுமுன் எழுந்து, ஜீப்பில் போடிமெட்டு ஏறி, கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்கின்றனர். மாலையில்தான் திரும்புகின்றனர். பிள்ளைகள் பால்வாடியிலோ பாட்டியிடமோ இருக்கின்றனர். “நாங்க படிக்காதவங்க, பிள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் கொடுக்க?” என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அன்னையரே, இந்தப் பாடத்துக்குச் சிலேட்டும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம். கரடுமுரடு, அக்கம்பக்கம், ஆட்டம்பாட்டம், தட்டுமுட்டு என்று நீங்கள் பேசும் பேச்சிலேயே எதுகை நிறைந்திருக்கிறது. சோறு ஊட்டும்போது, “சோறு, ஆறு, சேறு... அப்புறம்?” என்று கேளுங்கள். ‘நூறு’ என்று பிள்ளை சொல்லிவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது!

பலநாள் பழகியும் குழந்தை ஓசையை வேறுபடுத்தவில்லை என்றால், மந்தபுத்தி என்று முடிவு கட்ட வேண்டாம். காது நன்றாகக் கேட்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுவது நலம்.

முடிவுரை

கொரோனாவால் 2020, 2021-ஆம் ஆண்டுகளில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது சிறு பிள்ளைகள் பலர் எழுத்தை மறந்தனர். அந்தக் குறையைப் போக்கத் தமிழக அரசு 2021-இல் ‘இல்லம் தேடிக் கல்வி’யையும், மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கென 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தையும் தொடங்கியது. ஆயினும் ஆசிரியர் வருவதற்கு முன்பே, வீட்டுத் திண்ணையில் செய்யத்தக்க பணி ஒன்று இருக்கிறது. அதைச் செய்ய அக்காமார்களாகிய நம்மால் முடியும்.

தோழியரே, குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா போன்றோர் நமக்கு அளித்த பாடல்களைத் தம்பி தங்கையருக்குப் பாடிக்காட்டுவோம். பாடுவதோடு நில்லாமல், ஒத்த ஓசையைக் கண்டுபிடிக்கவும் புதிதாகப் படைக்கவும் கற்றுக்கொடுப்போம். செவி பழகிய பிள்ளைக்கு எழுத்து எளிதாகும். இன்று மாலையே ஒரு சொல்லோடு தொடங்குவோமாக!