சாவி உங்களிடம்தான், கார் மட்டும் இல்லை

கேள்வி: பலெர்மோவில் அல்பெர்கேரியாப் பக்கம் குடியிருக்கிறோம், பல்லாரோ சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி. அண்மையில் பழைய டொயோட்டா ஹைபிரிட் ஒன்று வாங்கினோம். சாவியைப் பையிலிருந்து எடுக்கவே தேவையில்லை; கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும், பட்டனை அழுத்தினால் ஓடும். லண்டனில் இருக்கிற மச்சான் ஒரு வீடியோ அனுப்பினார். இரண்டு பேர் வந்து, ஒரு நிமிடத்துக்குள், சத்தமே இல்லாமல் காரைக் கொண்டு போகிறார்கள். சாவியை அலுமினியத் தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வை என்கிறார். எங்கள் வீடு மூன்றாம் மாடி. கார் கோர்சோ துகோரிப் பக்கம், இடம் கிடைத்த இடத்தில் நிற்கும். போனால் காசு கொடுத்து மீட்கலாம், அதற்கு ஆள் இருக்கிறது என்றும் இங்கே சிலர் சொல்கிறார்கள். என்ன செய்யலாம், அண்ணா?
– வாசகர், பலெர்மோ

பதில்: மச்சான் அனுப்பியது பொய்யில்லை. ஆனால் அது லண்டன் வீட்டுக்குப் பொருந்துகிற வீடியோ. அங்கே கார் வாசலில் நிற்கும், சாவி கதவுக்குப் பின்னால் மேசையில் கிடக்கும், நடுவில் ஒரு சுவர்தான். உங்களுக்கோ இடையில் மூன்று மாடியும் சில தெருக்களும் இருக்கின்றன. இரவில் உங்கள் சாவியைத் தேடி ஒருவன் அலைய வாய்ப்புக் குறைவு.

கைப்பிடியைத் தொட்டதும் கார் ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸ் அலையில் சாவியைக் கூப்பிடும். அந்தக் கூப்பாடு ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் எட்டாது. கேட்டுவிட்டால் சாவி வேறொரு அலையில், ஐரோப்பாவில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில், பதில் தரும். அந்தப் பதிலின் ரகசியக் குறியீடு ஒவ்வொரு தடவையும் மாறும். திருடன் அதை உடைக்க மெனக்கெடுவதே இல்லை. ஒருவன் காருக்குப் பக்கத்தில், இன்னொருவன் உங்களுக்குப் பக்கத்தில். காரின் கூப்பாட்டைக் கருவி வழியாக உங்கள் பைக்குள் கடத்திவிடுகிறார்கள். சாவி தருவது உண்மையான பதில். அதனால் கார் திறக்கிறது. 2011-லேயே சூரிச் இடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 மாடல்களில் இதைச் செய்து காட்டினார்கள், பத்தும் திறந்தன. ஓட ஆரம்பித்த வண்டி, சாவி தூரமாகிவிட்டால் பீப் போடுமே தவிர நிற்காது. நெடுஞ்சாலை நடுவே எஞ்சின் அணைந்தால் உயிராபத்து என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள்; திருடனுக்கு அது வசதியாகிவிட்டது.

ஆகவே நீங்கள் கவனமாக இருக்கவேண்டியது வீட்டில் இல்லை, பல்லாரோவில். காரை நிறுத்திவிட்டு நேரே சந்தைக்குள் போகிறீர்கள். மீன்காரர் ஒரு பக்கம், காய்கறிக்காரர் ஒரு பக்கம் கூவிக்கொண்டிருக்க, முதுகில் பையோடு ஒருவன் உங்களை ஒட்டி நின்றால் கவனிப்பீர்களா?

இதற்கு ஒரு சல்லிக்காசு செலவில்லாத வழி டொயோட்டாச் சாவியிலேயே உண்டு. பல மாடல்களில், பூட்டும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பட்டனை இரண்டு தரம் அழுத்துங்கள். சாவியின் சிறு விளக்கு 4 தடவை மின்னினால் அது தூங்கிவிட்டது. கார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாது. மறுபடி ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் விழித்துக்கொள்ளும். உங்கள் மாடலில் இது இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இல்லையென்றால் அலை தடுக்கும் பை ஒன்று வாங்கி, வீட்டு மேசையில் போட்டுவிடாமல் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். அதில் சாவியைப் போட்டுக் காருக்குப் பக்கத்தில் நின்று கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள்; கதவு திறந்தால் பை உதவாது. அலுமினியத் தாளுக்கும் இதே சோதனைதான். தாள் இரண்டு நாளில் கிழியும், அவ்வளவுதான் குறை. ஃபிரிட்ஜ் மட்டும் வேண்டாம், ஈரத்தில் சாவி கெடும்.

இறங்கும்போது இன்னொன்று. பூட்டும் பட்டனை அழுத்துகிற நேரத்தில் ஜாமர் வைத்து அந்த அலையை மட்டும் குழப்புகிறவர்கள் உண்டு. கார் பூட்டாமலே நிற்கும். கைப்பிடியை இழுத்துச் சரிபார்க்கலாம் என்றால், விழித்திருக்கிற சாவி பையில் இருக்கும்வரை அது எப்படியும் திறக்கும்! காரின் விளக்கு மின்னியதா என்று பாருங்கள், அல்லது சாவியைத் தூங்கவைத்தபின் இழுத்துப் பாருங்கள்.

இத்தனையும் சாவியை ஏமாற்றும் திருட்டுக்கு. சாவியே தேவைப்படாத திருட்டும் இருக்கிறது. 2022-இல் லண்டனில் கார்களின் மின்னணுப் பாதுகாப்பையே ஆராய்கிற ஒருவரின் டொயோட்டா ராவ்4 காணாமல்போனது. அதற்கு முன் பம்பரும் ஹெட்லைட்டும் இழுத்துக் கழற்றப்பட்டிருந்தன. யாரோ விஷமம் செய்ததாக அவர் நினைத்திருந்தார். திருடர்கள் உண்மையில் ஹெட்லைட் வயர் வழியாகக் காரின் உள்வலைக்குள் நுழைந்து, “சரியான சாவி வந்துவிட்டது” என்ற பொய்ச் செய்தியைச் செலுத்தியிருந்தார்கள். இதற்கென விற்கப்பட்ட கருவி ஒன்று புளூடூத் ஸ்பீக்கர் கூட்டுக்குள் ஒளித்திருந்தது. அதே ஆண்டு யூரோபோல் உதவியோடு பிரான்ஸ், ஸ்பெயின், லாட்வியா நாடுகளில் சாவியில்லாக் கார்த் திருட்டு தொடர்பாக 31 பேர் பிடிபட்டார்கள். அவர்களுடைய மென்பொருள், பழுது கண்டறியும் கருவி என்ற பெயரில் விற்கப்பட்டது. இதற்கெல்லாம் எந்தப் பையும் தடையில்லை. உங்கள் காரில் ஹெட்லைட் ஆடுகிறது, பம்பர் விலகியிருக்கிறது என்று கண்டால் அன்றிரவே வண்டியை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

என்னைக் கேட்டால் முதல் செலவு ஸ்டியரிங்கில் மாட்டுகிற இரும்புப் பூட்டுக்குத்தான். தெருவில் போகிறவனுக்குத் தெரிகிற நிறத்தில் வாங்குங்கள். ஏனென்றால், இத்தாலியில் அதிகம் களவு போகிற கார் ஃபியாட் பாண்டா. ஊரெல்லாம் ஓடும் சாதாரண வண்டி. உதிரிப்பாகத்துக்குச் சந்தை பெரியது. அதைக் கொண்டுபோக அலைக்கருவி எதுவும் வேண்டியதில்லை.

இனி அந்த மீட்டுத் தருகிற ஆள். தென்னித்தாலியில் இதற்குக் கவால்லோ தி ரிதோர்னோ என்று பெயர். திருடுவது, பிறகு சொந்தக்காரனிடமே விற்பது. சட்டத்தில் அது மிரட்டிப் பணம் பறித்தல். ஒரு தரம் கொடுத்தால் நீங்கள் கொடுக்கிறவர் என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். நமக்கு ஊர் புதிது, வம்பு வேண்டாம் என்று சொல்பவர்களிடம் உங்கள் பக்கத்துத் தெருக் கதையைச் சொல்லுங்கள். வியா மக்கேதாவில் கடை வைத்திருந்தவர்கள், பெரும்பாலும் பங்களாதேஷ்காரர்கள், வருடக்கணக்கில் மிரட்டலுக்குப் பணிந்தவர்கள், ஒன்றுசேர்ந்து வாக்குமூலம் கொடுத்தார்கள். 2016 மே மாதம் மிரட்டியவர்களில் 10 பேர் கைதானார்கள்.

கார் போய்விட்டால் 112-க்கு அழையுங்கள். கரபினியேரியிடமோ காவல்துறை அலுவலகமான குவெஸ்தூராவிலோ டெனுன்சியா, அதாவது புகார், கொடுத்து, அதன் பிரதியை வைத்து 3 நாட்களுக்குள் காப்புறுதிக்காரருக்கு அறிவியுங்கள். கட்டாயக் காப்புறுதியான ஆர்சிஏ களவுக்கு ஒரு சதமும் தராது. களவுக்கும் தீக்குமான ‘ஃபூர்தோ எ இன்செந்தியோ’ தனியாக எடுத்திருக்க வேண்டும். கார் கைவிட்டுப் போனதை வாகனப் பதிவேடான பிஆர்ஏயில் பதியுங்கள், வரி நிற்கும்.

காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது இரண்டு சாவிகளையும்தான். பழைய கார் என்கிறீர்கள். விற்றவர் இரண்டு சாவி தந்தாரா? ஒன்றுதான் என்றால், மற்றது யாரிடமோ இருக்கிறது. பணிமனையில் கொடுத்து அதைக் காரின் நினைவிலிருந்து அழித்து, செய்ததற்கு எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.