பாகமும் மீட்டரும்: கயிறு விற்போர் அறிய வேண்டிய கணக்கு

கயிறு விற்கும் வணிகர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். நைலான் கயிற்றுச் சுருள்கள் பலவற்றில் 200 மீட்டர் என்று இல்லாமல் 220 மீட்டர் என்று இருக்கும். ஏன் இந்த 220? பழைய கப்பல் கயிற்றுச் சுருளின் நீளம் 120 பாகம். மீட்டரில் அது 219.46. அதையே முழு எண்ணாக 220 என்கிறார்கள்.

பாகம் என்பது இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் வரும் நீளம். கடலோடிகள் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கி, இந்த அளவில்தான் ஆழம் பார்த்தார்கள். ஆங்கிலேயர் இதை ஃபேதம் என்று அழைத்து 6 அடி என நிர்ணயித்தனர். ஓர் அடி 0.3048 மீட்டர் என்று 1959இல் உறுதியானதால், ஒரு பாகம் 1.8288 மீட்டர் ஆகிறது.

கணக்கு எளிது.

பாகத்தை மீட்டராக்க 1.8288ஆல் பெருக்கவும்.
10 பாகம் – 18.29 மீட்டர்
20 பாகம் – 36.58 மீட்டர்
50 பாகம் – 91.44 மீட்டர்
100 பாகம் – 182.88 மீட்டர்

மீட்டரைப் பாகமாக்க, பாதியாக்கி, அந்தப் பாதியில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டவும். 60 மீட்டர் என்றால் 30உடன் 3 சேர்த்து 33 பாகம். சரியான விடை 32.81. மனக்கணக்குக்கு இது போதும். பில் போடுவதற்குப் போதாது.

கையை விரித்து அளந்து கொடுப்பதில்தான் ஆபத்து. விரித்த கைகளின் நீளம் ஏறக்குறைய அவரவர் உயரம்தான். ஐந்தரை அடி உயரமுள்ளவர் 40 பாகம் அளந்தால் 20 அடி குறையும். அது நங்கூரக் கயிறாக இருந்தால்? ஆழத்தைப் போலப் பல மடங்கு கயிறு விட்டால்தான் நங்கூரம் பிடிக்கும். கயிறு குறைந்தால் காற்றில் படகு இழுபட்டுப் போகும். ஆறடிக்கு மேற்பட்டவர் அளந்தாலோ நட்டம் கடைக்காரருக்கு.

சட்டமும் உண்டு. 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி விலையும் பில்லும் மீட்டரில்தான் இருக்க வேண்டும்.

ஆகவே வாடிக்கையாளர் பாகத்தில் கேட்கட்டும். நாம் அதை மீட்டராக்கி, அவரிடம் சொல்லி, முத்திரையிட்ட மீட்டர் கோலால் அளந்து, மீட்டரிலேயே பில் கொடுப்போம். 40 பாகம் கேட்டவருக்கு 73.15 மீட்டர், குறையவும் வேண்டாம், கூடவும் வேண்டாம்.