நெஞ்சு ஸ்கேனில் முதுகுக் கட்டி தெரிந்தால்

தீராத இருமலுக்காக நெஞ்சில் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். நுரையீரலில் கோளாறு இல்லை. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசியில், தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்கு அடியில் ஒரு கட்டி இருப்பதாக ஒரு வரி வருகிறது. வீடே கலங்கிவிடுகிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம், அதிலும் பெண்களிடம், அந்த இடத்தில் தெரிவது பெரும்பாலும் எலாஸ்டோஃபைப்ரோமா டார்சி. பின்லாந்து மருத்துவர்கள் யார்வியும் சாக்சேனும் 1961-இல் விவரித்த கட்டி இது. நார்த்திசுவும் மீள்தன்மையுள்ள இழைகளும் கொழுப்பும் கலந்து, விலா எலும்புகளுக்கும் தோள்பட்டை எலும்புக்கும் நடுவே மிக மெதுவாக வளரும். இது புற்றுநோய் அல்ல.

செய்ய வேண்டியவை

பழைய ஸ்கேன்களைத் தேடி எடுங்கள். கொரோனா காலத்தில் எடுத்த சி.டி. பலர் வீட்டுப் பீரோவில் இன்னும் இருக்கிறது. அப்போதும் அதே இடத்தில் ஏறக்குறைய அதே அளவில் கட்டி இருந்திருந்தால், பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள குறுந்தகட்டையும் ஃபிலிமையும் கொண்டுபோங்கள்.

மறுபக்கமும் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தக் கட்டி பலருக்கு இரண்டு தோள்பட்டைகளுக்கு அடியிலும் இருக்கும். தசை நிறத்தில், நடுநடுவே கொழுப்பு வரிகள் ஓட, இருபுறமும் தெரிந்தால், அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் பெரும்பாலும் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்திருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இது மிக முக்கியம். மார்பகப் புற்றுநோய்க்குப் பின் தொடர் பரிசோதனைக்கு வரும் பெண்ணின் பெட் ஸ்கேனில் இந்தக் கட்டியும் லேசாக ஒளிரக்கூடும். ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் என்று நினைத்துவிட்டால், நோய் பரவிவிட்டது என்ற தவறான முடிவுக்குப் போய்விடலாம். கட்டி இருக்கும் இடம், வடிவம், பழைய படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்படி புற்றுநோய் மருத்துவரிடம் கேட்பது உங்கள் உரிமை. அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ., அதிலும் தெளியாவிட்டால் பயாப்சி.

டாக்டரிடம் காட்டும்போது முன்னால் குனிந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். தோள்பட்டை எலும்பு விலகி, கட்டி வெளியே புடைக்கும். கையைத் தொங்கவிட்டால் உள்ளே மறைந்துவிடும். கையைத் தூக்கும்போது ‘டக்’ என்று சத்தம் வந்தாலோ, மல்லாந்து படுத்தால் உறுத்தினாலோ அதையும் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். இது நீவிக் கரையும் கட்டி அல்ல.

“எதற்கு வம்பு, வெட்டி எடுத்துவிடலாம்” என்று அவசரப்படாதீர்கள். தொந்தரவு தராத கட்டிக்கு அறுவைச் சிகிச்சை தேவையில்லை. எடுத்த இடத்தில் நீரோ ரத்தமோ கோத்துக்கொண்டு, மீண்டும் மருத்துவமனைக்கு அலைய நேரலாம். வலி அன்றாட வேலையைக் கெடுக்கும்போதுதான் கத்தியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மனநிம்மதிக்காக அடிக்கடி சி.டி. எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் உடம்பில் கதிர்வீச்சு சேர்கிறது.

கட்டி உங்கள் அம்மாவுக்கு என்றால், ரிப்போர்ட்டை அவரிடம் மறைக்காதீர்கள். பயந்துவிடுவார் என்றுதான் மறைக்கிறோம். ஆனால் கதவுக்குப் பின்னால் பிள்ளைகள் கிசுகிசுப்பதைக் கேட்பவர் அதைவிடக் கொடியதையெல்லாம் கற்பனை செய்துகொள்வார். கட்டி இருப்பது அவர் உடம்பில், தெரிந்துகொள்ள வேண்டியவரும் அவர்தான்.

எல்லாக் கட்டியையும் இதே கணக்கில் சேர்த்து அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். நெஞ்சுச் சுவரில் கொழுப்புக்கட்டியும் வரும், நரம்புறைக் கட்டியும் வரும். அவையும் பெரும்பாலும் சாதுவானவையே. ஆனால் சில மாதங்களிலேயே கட்டி பெருத்தாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு வலித்தாலோ, விலா எலும்பை அரித்திருப்பதாக ரிப்போர்ட் சொன்னாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். ஆழத்தில் இருக்கும் கொழுப்புக்கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலும், அதனுள் தடித்த தடுப்புகள் தெரிந்தாலும் அப்படித்தான். இந்த நிலைமைகளில் பொது மருத்துவரோடு நிறுத்திக்கொள்ளாமல், மென்திசுக் கட்டிகளைப் பார்த்துப் பழகிய புற்றுநோய் அறுவைச் சிகிச்சை நிபுணர் இருக்கும் மருத்துவமனைக்கே போங்கள். பயாப்சி தேவையா, எந்தப் பக்கமிருந்து ஊசி போடுவது என்பதை அவர் தீர்மானிக்கட்டும்.