கீச்சான் புறப்பட்டது என்றைக்கு?

மாசி மாதத்தில் ஒரு நாள் காலையில் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திற்குப் போய்ப் பாருங்கள். ஊருக்குள்ளேயே, வீடுகளை ஒட்டிய மரங்களில் சங்குவளை நாரைகள் கூடு கட்டிக் குஞ்சுகளுக்கு மீன் ஊட்டிக் கொண்டிருக்கும். (பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காக இவ்வூரார் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை.) குளத்தின் நடுவிலோ சாம்பல் நிற வாத்துகள் கூட்டமாக ஓய்வெடுத்துக் கொண்டிருக்கும். வெண்ணிறத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். இவைதாம் வரித்தலை வாத்துகள். மங்கோலியா, திபெத் போன்ற உயர்ந்த நிலங்களில் பிறந்தவை. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை அணிவிக்கப்பட்ட வாத்துகளைத் தென்னிந்திய ஏரிகளில் கண்டிருக்கிறார்கள்.

நாரைக்கு இது தாய்வீடு. வாத்துக்கு இது விருந்துக்கு வந்த வீடு; பங்குனி முடிவதற்குள் அது போய்விடும். ஆனால் போக வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அதற்கு யார் சொல்கிறார்கள்?

வெயில்தான் விரட்டுகிறது என்று நீங்கள் நினைக்கலாம். நம் ஊர் வெயிலைக் கண்டால் அப்படித்தான் தோன்றும்! ஆனால் இங்கே வெயில் ஏறுவதை வைத்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பனி உருகுவதை எப்படி அறிய முடியும்?

இந்தக் கேள்விக்கு ஒரு விடை கனடாவில் கிடைத்தது. 1920-களில் வில்லியம் ரோவன் என்னும் பேராசிரியர் ஜுங்கோ எனப்படும் சிறு பறவைகளைத் திறந்தவெளிக் கூண்டுகளில் வளர்த்தார். கடுங்குளிர் காலம். மாலையில் மின்விளக்குகளை ஏற்றி, பகல் சிறிது சிறிதாக நீளுவதுபோல் செய்தார். சுற்றிலும் பனி உறைந்து கிடக்க, அப்பறவைகளின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்த காலத்தில் வளர்வதுபோல் வளர்ந்துவிட்டன. பறவையை ஏமாற்றியது வெப்பம் அன்று, வெளிச்சம்!

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மங்கோலியா இருக்கும் 48 பாகை வடக்கில், மார்ச் மாதத்தில் பகல் ஒரு நாளைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் நீளுகிறது. கூந்தன்குளமோ எட்டரைப் பாகையில் இருக்கிறது. அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடே ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். மார்ச்சில் நாளுக்கு அரை நிமிடம்கூட நீளுவதில்லை. இவ்வளவு சிறிய மாற்றத்தை மட்டும் நம்பி ஒரு பறவை மூட்டை கட்டுமா?

ஜெர்மனியில் எபர்ஹார்ட் குவின்னர் என்ற விஞ்ஞானி 1960-களில் இதை வேறு வழியில் ஆராய்ந்தார். வலசை போகும் கதிர்க்குருவி இனத்துச் சிறு பறவைகளை அறைக்குள் வைத்தார். நாள்தோறும் 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு, வெப்பநிலையும் மாறாது. வெளியே என்ன பருவம் என்று அறிய வழியே இல்லை. அப்படியிருந்தும், அவை உரிய முறைப்படி இறகு உதிர்த்தன, கொழுத்தன, இரவில் உறங்காமல் கூண்டுக்குள் படபடத்தன. பறவையின் உடம்புக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது. அது துல்லியமான கடிகாரம் அன்று. நாட்காட்டி எதுவும் கண்ணில் படாதபோது, அதன் 'ஆண்டு' பெரும்பாலும் பத்து மாதம் அளவில் முடிந்துவிடுகிறது. வேகமாக ஓடும் சுவர்க் கடிகாரத்தை வானொலி மணி கேட்டுத் திருத்துவோம் அல்லவா? பறவையின் கடிகாரத்தைப் பகலின் நீளம் திருத்துகிறது.

நம் வாத்து புறப்பட்டுவிட்டது என்று வைத்துக் கொள்வோம். குறுக்கே இமயமலை நிற்கிறது. எவரெஸ்டுக்கு மேலேயே பறக்கும் என்று பழைய புத்தகங்களில் படித்திருப்பீர்கள். வாத்துகளின் மேல் கருவிகளைப் பொருத்திச் செயற்கைக்கோள் வழியே பின்தொடர்ந்த ஆய்வு 2013-இல் வெளியானது. அதில் பதிவான மிக அதிக உயரம் 7,290 மீட்டர். பெரும்பாலும் அவை 6,000 மீட்டருக்குக் கீழேயே பறந்தன. இது குறைவான சாதனை என்று எண்ண வேண்டாம். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் பாதியாகிவிடுகிறது. மூச்சுக்கு ஆக்சிஜன் குறைவு. அதோடு சிறகு உந்துவதற்குக் காற்றும் குறைவு. உயரம் கூடக் கூட இதயம் கடுமையாக உழைக்க வேண்டும். ஆகையால் வாத்து, எட்டிய உயரத்தைக் கட்டிக் காப்பதில்லை. மலைச்சரிவை ஒட்டி ஏறுகிறது, பள்ளத்தாக்கில் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. இரவிலும் விடியற்காலையிலும் பறப்பதை விரும்புகிறது. ஏன்? உங்கள் வாயு விதியை எடுத்துக் கொள்ளுங்கள். அழுத்தம் மாறாதபோது அடர்த்தி தனிவெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். பகலில் 10 டிகிரி செல்சியஸ், இரவில் மைனஸ் 10 டிகிரி என்றால் 283-ஐ 263-ஆல் வகுத்துப் பாருங்கள். காற்று ஏழு விழுக்காட்டுக்கு மேல் அடர்ந்திருக்கும். சில நூறு மீட்டர் தாழப் பறப்பதற்கு அது சமம்!

இவ்வளவு தெரிந்த பிறகும் எளிய கேள்வி ஒன்றுக்கு விடை சொல்வது கடினம். நம் ஊரிலிருந்து பறவை புறப்பட்டது என்றைக்கு?

நான் கல்லூரியில் படித்தபோது விடுதிக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் இருந்தது. ஆண்டுதோறும் செப்டம்பரில் ஒரு பழுப்புக் கீச்சான் அங்கே வந்துவிடும். சைபீரியா, மங்கோலியா பக்கத்திலிருந்து வரும் பறவை. கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, கரகரத்த குரல். குளிர்காலம் முழுவதும் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக் கொண்டு அங்கேயே இருக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அது வந்த நாளைச் சரியாக எழுதினேன். மார்ச்சில் தேர்வு வந்தது. மார்ச் 14-இல் 'கண்டேன்' என்று எழுதியதோடு சரி. அடுத்து ஏப்ரல் 25-ஆம் தேதி போய்ப் பார்த்தேன். மரம் வெறுமையாக இருந்தது. அளவீடு என்று சொன்னால் இதுதான்: ஏப்ரல் 4, கூட்டல் கழித்தல் 21 நாள். ஆய்வகத்தில் இப்படி ஒரு விடையைக் கொடுத்திருந்தால் எனக்குச் சுழியம்தான் கிடைத்திருக்கும்.

வருகையைக் குறிப்பது எளிது. நேற்றுவரை இல்லை, இன்று இருக்கிறது. ஆனால் கடைசியாகப் பார்க்கும் நாளன்று, அதுதான் கடைசி நாள் என்று நமக்குத் தெரியாது. பிறகு பல நாள் 'இல்லை, இல்லை' என்று எழுதிய பின்பே அது தெரியும். மறுஆண்டு அப்படித்தான் செய்தேன். ஏப்ரல் 8 கண்டேன். 9, 10 இல்லை. போய்விட்டது என்று முடிவு கட்டியிருந்தால் ஏமாந்திருப்பேன். 11-ஆம் தேதி அதே மரத்திலிருந்து குரல் கேட்டது. 12 முதல் 25 வரை நோட்டில் 'இல்லை' என்ற சொல்தான். அந்தப் பதினான்கு சலிப்பூட்டும் வரிகள்தாம் 11 என்ற எண்ணுக்கு மதிப்பைத் தந்தன.

தட்பவெப்பம் மாறி வரும் இக்காலத்தில் பறவைகளின் பயண நாட்களும் நகர்கின்றனவா என்பது பெரிய கேள்வி. பொங்கல் கணக்கெடுப்பின்போது பறவைகளை எண்ணுவோர் தமிழகத்தில் பலர் இருக்கிறார்கள். மார்ச், ஏப்ரலில் கவனிப்போரே தேவை. உங்களுக்கும் அப்போது பரீட்சை என்பது எனக்குத் தெரியும். நான்கு பேர் சேர்ந்து முறை வைத்துக் கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புத் தம்பியையும் சேர்த்துக் கொள்ளலாம். ஒரே மரம், ஒரே நேரம், பத்து நிமிடம். கண்டேன், கேட்டேன், இல்லை: இம்மூன்றில் ஒன்றை அன்றன்றே எழுதிவிட வேண்டும், மறுநாள் நினைவிலிருந்து எழுதக் கூடாது. பார்க்காத நாளை வெற்றிடமாகவே விடுங்கள், 'இல்லை' என்று நிரப்பி விடாதீர்கள். ஆண்டு முடிந்ததும் இ-பேர்டு இணையத்தளத்தில் ஏற்றலாம். கீச்சான் இலைமறைவில் இருந்தாலும் காலையில் குரல் கொடுத்துவிடும். எனவே சூரியன் உதித்து ஒரு மணி நேரத்துக்குள் மரத்தடிக்குப் போய்விடுங்கள்.