காப்பர் டி நெஞ்சுக்கு ஏறுமா?

காப்பர் டி மேலே ஏறி நெஞ்சில் போய் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள். காட்டுப்பள்ளியிலிருந்து பொன்னேரிக்கோ ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கோ பிரசவத்துக்குப் போகிற பெண்ணும் இதைக் கேட்டுவிட்டுத்தான் போகிறாள். காப்பர் டி என்பது கருத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் வைக்கும், செம்புக் கம்பி சுற்றிய, 36 மில்லிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக். அடியில் மெல்லிய நூல் தொங்கும். செம்பு விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்கிறது. கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது. பொருத்தும்போது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பைச் சுவரைத் துளைப்பதுண்டு; அப்போதும் வயிற்றுக்குள்தான் போகும், அறுவை செய்து எடுத்துவிடலாம். கீழே நழுவி விழுவதுதான் அதிகம், பிரசவமான 48 மணி நேரத்துக்குள் வைத்தால் இன்னும் அதிகம். ஆறாவது வாரப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது என்பது அதனால்தான்.

காப்பர் டி போட்டால் அடுத்த பிள்ளை தங்காது என்ற பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1971 முதல் 1974 வரை அமெரிக்காவில் விற்ற டால்கன் ஷீல்ட் என்ற கருத்தடைச் சாதனத்தின் பல இழை நூல் வழியே கிருமிகள் கர்ப்பப்பைக்குள் ஏறின. பல பெண்கள் தாய்மையை இழந்தார்கள். இன்றைய காப்பர் டியின் நூல் ஒற்றை இழை. மெக்சிகோவில் 1,895 பெண்களை வைத்து நடத்தி 2001-இல் வெளியான ஆய்வில், கருக்குழாய் அடைப்புக்கும் காப்பர் டிக்கும் தொடர்பு தெரியவில்லை. கிளமிடியா தொற்றோடுதான் தொடர்பு தெரிந்தது.

அப்படியானால் போட்டவர்கள் சொல்லும் ரத்தப்போக்கு பொய்யா? பொய்யில்லை. தொடக்கத்தில் மூன்று முதல் ஆறு மாதங்கள் மாதவிலக்கில் ரத்தமும் வலியும் கூடும். ரத்தசோகை உள்ளவளுக்கு அது சின்ன விஷயமல்ல. இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்லாமல், பிரசவ வலியில் துடிக்கிறவளிடம் தலையாட்டல் வாங்கி வைத்தால் வதந்தி பிறக்காமல் என்ன செய்யும்? கர்ப்பகாலப் பரிசோதனையிலேயே பேசிச் சம்மதம் பெற வேண்டும். கேட்காமலே வைத்துவிட்டார்கள் என்று ஒருத்தி சொன்னால், அதை மூடநம்பிக்கைக் கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

கருத்தடைச் சுமை பெண்கள் மீதே விழுகிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், கணவன் செய்துகொண்டது 0.1 விழுக்காடு. ஆணுறையாவது போடலாமே என்றால், எய்ட்ஸ் பிரசாரம் பெரிதும் லாரி ஓட்டுநர்களைக் குறிவைத்து நடந்ததால் அதற்கு வெளிப்பழக்கத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. துறைமுகத்துக்கு லாரி ஓட்டும் கணவனிடம் மனைவி கேட்டால் சந்தேகப்படுகிறாள் என்றாகிவிடுகிறது. ஆனால் காப்பர் டி பால்வினைத் தொற்றைத் தடுக்காது. அதற்கு ஆணுறைதான் வேண்டும். தேங்காய் எண்ணெய் பட்டால் அதன் ரப்பர் சில நிமிடங்களில் வலுவிழக்கும். காப்பர் டி, ஆணுறை இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஆணுறை வாங்கக் கணவனே போகலாம்.